மழலையும் விளையாட்டும் மொழிப்பயிற்சியும்: சித்தூர் – திருப்பதி எல்லைப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மழ, குழ என்னும் உரிச்சொற்கள் இளமைப் பொருள் தருவன என்பது தொல்காப்பியம். மழலை என்னும் சொல் இம்மழவின் வழிப்பட்டது. திருவள்ளுவர் குழலுக்கும் யாழுக்கும் மேலாக மழலையை வைத்தார். குழந்தையின் திருந்தாத சொல்லைக் குறையாகக் கருதாது இன்பமாகக் கருதிய மரபு தமிழ் மரபு. ஆயினும் இப்போற்றுதலுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. மழலை நீங்க வேண்டிய காலத்திலும் நீங்காத குழந்தை, சொல்லே தோன்றாத குழந்தை, செவிப்புலன் குறைவால் மொழியை எட்டாத குழந்தை ஆகியோர் எல்லாக் காலத்திலும் இருந்துள்ளனர். இவர்களுக்கெனப் பேச்சு – மொழிப் பயிற்சி என்னும் தனித்துறை இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாயிற்று.

இப்பயிற்சி சிறு குழந்தைகளிடத்துப் பெரும்பாலும் விளையாட்டாகவே நிகழ்கிறது. பொம்மை, கைதட்டல், ஒளிந்து தோன்றல், பாட்டு, கதை ஆகியனவே அதன் கருவிகள். விளையாட்டோ மொழியோடு பிணைந்தது. அதனை ஆடும் இல்லத்தின் மொழியிலிருந்து பிரித்தெடுக்க இயலாது. எனவே தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் ‘எந்த மொழியின் விளையாட்டு?’ என்னும் வினா தவிர்க்க முடியாததாகிறது. தமிழ் மரபில் விளையாட்டும் பேச்சும் இணைந்த வரலாற்றை எடுத்துரைத்து, அவ்வரலாறு இன்றைய பயிற்சிக்கு எவ்வகையில் பயன்படும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருமொழி நிலம்

வேங்கடத்தைத் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. எல்லை என்பது இரு நிலங்களைப் பிரிக்கும் கோடாக மட்டுமன்றி இரு மொழிகள் கூடும் இடமாகவும் அமையும் என்பதற்கு இப்பகுதியே சான்று. 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சேர்ந்தது. ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பின்னர், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. 2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்து பிரித்த பகுதிகளோடு நெல்லூர் மாவட்டப் பகுதிகளும் சேர்ந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று.

நிருவாக எல்லை மாறியபோதெல்லாம் இல்லங்களின் மொழி உடன் மாறவில்லை. இன்றைய சித்தூர் மாவட்டத்தின் நகரி, குப்பம் பகுதிகளிலும் திருப்பதி மாவட்டத்தின் சத்தியவேடு பகுதியிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அவ்வாறே தமிழ்நாட்டின் வேலூர், திருவள்ளூர், கிருட்டினகிரி மாவட்டங்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் உள்ளன. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இரு மொழியும் பள்ளியில் மற்றொரு மொழியும் கேட்டு வளர்வது இந்நிலத்துக் குழந்தைகளின் இயல்பு நிலை. 1954-இல் நிறுவப்பெற்ற திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை அமைந்ததும், 1997-இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் தோன்றியதும் இவ்விருமொழி நிலையின் கல்விசார் வெளிப்பாடுகளாகும். உயர்கல்வியில் ஏற்புப்பெற்ற இந்நிலை, மூன்று வயதுக் குழந்தைக்கான பயிற்சியறையிலும் ஏற்புப்பெற வேண்டும் என்பதே எழும் சிக்கல்.

இலக்கண மரபில் ஒலியும் விளையாட்டும்

பேச்சொலிகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வேறுவேறு எழுத்துகளாக வெளிப்படுகிறது என்பது அதன் கொள்கை. ககர ஙகரங்கள் முதல்நாவும் முதல் அண்ணமும் பொருந்தப் பிறத்தல், பகர மகரங்கள் இதழ் இயைந்து பிறத்தல், ரகர ழகரங்கள் நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடப் பிறத்தல் எனப் பேச்சுறுப்புகளின் அசைவு தனித்தனியே வரையறுக்கப்பட்டுள்ளது. ஒலிப்புப் பயிற்சியாளர் ஒருவர் கண்ணாடியின் முன் குழந்தையை அமர்த்தி இதழையும் நாவையும் காட்டிச் சொல்லித்தரும் முறைக்கு அடிப்படையான அறிவு இதுவேயாகும்.

பிறப்பியல் குழந்தைமொழியைப் பற்றியதன்று. ஆயினும் அதன் பாகுபாடு குழந்தையின் ஒலிவளர்ச்சியை விளங்கிக்கொள்ள உதவுகிறது. கண்ணால் காணத்தக்க இதழொலிகள் முந்தித் தோன்றுகின்றன. அம்மா, அப்பா, பாப்பா, மம்மு முதலிய சொற்கள் இதழொலிகளால் ஆனவை. நாவை நுண்மையாக இயக்க வேண்டிய ரகர, ளகர, ழகரங்கள் பிந்தி அமைகின்றன. 1941-இல் உரோமன் யாக்கப்சன் குழந்தைமொழி பற்றிய தம் நூலில், ஒலிகள் ஒரு பொது ஒழுங்கில் தோன்றுகின்றன என்னும் கருத்தை முன்வைத்தார். அவ்வொழுங்கின் நுணுக்கங்கள் பின்னர் மறுக்கவும் திருத்தவும் பட்டன. எனினும் இதழொலி முந்துதல் பல மொழிகளிலும் காணப்படும் போக்காகும்.

விளையாட்டையும் இலக்கண நூலார் புறக்கணிக்கவில்லை. கெடவரல், பண்ணை என்னும் இரு உரிச்சொற்களுக்கும் விளையாட்டு என்பதே பொருள் எனத் தொல்காப்பியர் கூறுகிறார். மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நிலைக்களன் நான்கனுள் ஒன்றாக விளையாட்டு வைக்கப்பட்டுள்ளது. உவகைக்கு உரிய நிலைக்களன் என்னும் இம்மதிப்பீடு கருதத்தக்கது. மகிழ்ச்சியின்றிச் செய்விக்கும் திருப்பிச் சொல்லல் பயிற்சியாகலாம், விளையாட்டு ஆகாது.

பிள்ளைத்தமிழ் காட்டும் பருவங்கள்

குழந்தை வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கிய தமிழ் இலக்கிய வகை பிள்ளைத்தமிழ். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாலார்க்கும் பொதுவாக, இறுதி மூன்று பருவங்கள் வேறுபடும். மூன்றாம் திங்கள் முதல் இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றைத் திங்கள்களில் பாடுதல் பாட்டியல்கள் கூறும் முறைகளுள் ஒன்று. கிடைத்துள்ள முழு நூல்களுள் காலத்தால் முந்தியது பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ்.

பிள்ளைத்தமிழ் மருத்துவ நூலன்று; பாட்டுடைத் தலைவரைப் போற்றும் சிற்றிலக்கியம். ஆயினும் அதன் பருவங்களை இன்றைய மொழிவளர்ச்சிக் கொள்கையோடு வைத்து நோக்கின் பயனுள்ள ஒப்புமைகள் புலப்படுகின்றன. செங்கீரையில் கீர் என்பது சொல்லைக் குறிக்கும் என்று பொருள்கொள்வாரும் உளர். தால் என்பது நா. தாலப்பருவம் நாவசைத்துப் பாடும் தாலாட்டின் ஓசையைக் குழந்தை கேட்கும் பருவம். சப்பாணியில் பெரியோர் கைதட்டக் குழந்தையும் தட்டுகிறது. பிறர் செய்கையைப் பார்த்துச் செய்தல் சொல்லைக் கேட்டுச் சொல்லுதற்கு முன்படி. வருகைப் பருவத்தில் அழைப்பைக் கேட்டுத் தளர்நடையிட்டு வருகிறது. சொல்லைப் புரிந்துகொள்ளுதல் சொல்லைச் சொல்லுதலினும் முந்தியது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவற்றுள் அம்புலிப் பருவம் தனித்த கவனத்திற்குரியது. தாய் நிலவைச் சுட்டுகிறாள். குழந்தை அவள் விரலைப் பார்த்து, விரல் வழியே நிலவைப் பார்த்து, மீண்டும் தாயின் முகத்தைப் பார்க்கிறது. இருவர் ஒரு பொருளின்மேல் தம் கவனத்தை ஒருங்கே நிறுத்தும் இந்நிகழ்ச்சியை வளர்ச்சி உளவியலார் கூட்டுக் கவனம் என்பர். சொல் பொருளோடு இணைவது இத்தகைய தருணங்களிலேயே. ஒரு குழந்தை பிறர் சுட்டிய திசையை நோக்காமையும் தான் விரும்பியதைச் சுட்டாமையும் மொழிவளர்ச்சித் தாமதத்தை முன்கூட்டி அறிவிக்கும் குறிகளுள் அடங்கும்.

பிள்ளைத்தமிழுக்கு வித்திட்ட பெரியாழ்வாரின் திருமொழியில் அம்புலியை அழைக்கும் பதிகம் உள்ளது. அதில் நிலவை அழைக்கும் குழந்தை வேங்கடத்துறைபவனாகவே ஓரிடத்தில் குறிக்கப்படுகிறான். நீட்டிய அவன் கை நோவதற்குள் வந்துவிடுமாறு நிலவு வேண்டப்படுகிறது. மற்றொரு பாசுரம் வாயூறலால் தெளிவு பெறாத மழலைச் சொல்லால் அவன் கூவுவதைக் காட்டி, அதனைக் கேளாது செல்லும் நிலவின் செவி துளையற்றது ஆகாதோ என வினவுகிறது. குழந்தையின் சொல் தெளிவற்றது என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை. ஆனால் குறையைச் சொல்லின்மேல் ஏற்றாது கேட்பவரின் செவிமேல் ஏற்றுகிறார். இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு இக்கருத்து இன்றியமையாதது.

இதே திருமலையில், தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியர் (1408–1503) தெலுங்கில் பாடினார். தாலாட்டும் நிலவை அழைக்கும் பாட்டும் அவர் பெயரால் தெலுங்கு இல்லங்களில் இன்றும் வழங்குகின்றன. திருமலைக் கோயிலில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் தமிழில் ஓதும் மரபும் தொடர்கிறது. ஒரே மலையின் இறைவனைக் குழந்தையாக்கி இரு மொழிகளும் ஒரே நிலவை அழைத்தன என்பது இப்பகுதியின் பண்பாட்டு வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

பேசாத குழந்தையைப் பற்றிய தமிழ் மரபுச் செய்திகளுள் புகழ்பெற்றது பதினேழாம் நூற்றாண்டினரான குமரகுருபரரின் வரலாறு. அவர் ஐந்து வயது வரை பேசாதிருந்தார் என்றும், பெற்றோர் திருச்செந்தூரில் நோன்பிருந்தபின் பேச்சுப் பெற்றுக் கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்றும் மரபுவழி வரலாறு கூறும். அவரே பின்னர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழைப் பாடினார். இவ்வரலாற்றை நம்பிக்கையின்பாற்பட்டதாகக் கொள்ளினும், அது இரு சமூக உண்மைகளைத் தெரிவிக்கிறது. ஐந்து வயது வரை பேச்சின்மை பெற்றோரை வாட்டும் துயராக உணரப்பட்டது என்பது ஒன்று. அதற்கு வழி நேர்த்திக்கடனே எனக் கருதப்பட்டது என்பது மற்றொன்று. நாவில் வசம்பு உரைத்துத் தடவுதலும் இத்தகைய நம்பிக்கை வழிப்பட்டதே. பொறுத்திருந்தால் பேச்சு தானே வரும் என்னும் எண்ணத்தால் செவிப்புலன் சோதனை தள்ளிப்போவது இன்றும் காணப்படும் தீங்காகும்.

வாய்மொழி விளையாட்டுகளின் அமைப்பு

எழுத்திலக்கியத்திற்கு அப்பால் இல்லங்களில் வழங்கும் விளையாட்டுகள் பேச்சுவளர்ச்சியோடு இன்னும் நெருங்கியவை. ஞா. தேவநேயர் 1954-இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ இத்துறையின் முன்னோடித் தொகுப்புகளுள் ஒன்று.

பருப்பு கடைதல் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் உள்ளங்கையில் பெரியவர் முழங்கையை ஊன்றிப் பருப்பு கடைவதுபோல் சுழற்றுகிறார். பின்னர் ஒவ்வொரு விரலாக மடக்கி, அம்மாவுக்கு, அப்பாவுக்கு, பாட்டிக்கு எனப் பங்கிடுகிறார். இறுதியில் நண்டும் நரியும் ஊர்வதாக விரல்கள் கைவழியே ஏறி அக்குளில் கிச்சுமூட்டுகின்றன. தெலுங்கு இல்லங்களிலும் இதனை ஒத்த உள்ளங்கை விளையாட்டு உண்டு. அங்கு விரல்கள் மாமியார் வீட்டுக்கு வழி தேடி ஏறும்.

இவ்விளையாட்டினுள் மொழிப்பயிற்சியின் கூறுகள் பலவும் அடங்கியுள்ளன. உறவுப்பெயர்கள் நான்காம் வேற்றுமை உருபோடு மீண்டும் மீண்டும் வருகின்றன. ஒரே தொடரமைப்பில் ஒரு சொல் மட்டும் மாறுகிறது. முடிவு எது என்பதைக் குழந்தை அறிந்திருப்பதால் அதனை எதிர்நோக்குகிறது. பெரியவர் ஏறுவதற்குமுன் சற்று நிறுத்தினால், குழந்தை ஒலியாலோ பார்வையாலோ கையசைவாலோ ‘மேலே செய்’ என வேண்டுகிறது. இந்நிறுத்தமே இன்றைய பயிற்சியாளர் அறிந்து கையாளும் உத்தி. பழகிய பாட்டின் இறுதிச் சொல்லைச் சொல்லாது விட்டுக் காத்திருத்தலும் இவ்வகையினதே. காத்திருக்கும் சில நொடிகளில் குழந்தைக்குப் பேசும் முறை கிடைக்கிறது.

கண்ணாமூச்சிக்கு முந்திய படிநிலையாகிய முகத்தை மறைத்துத் தோன்றும் விளையாட்டைச் செரோம் புரூனர் 1970களில் ஆராய்ந்தார். மறைதல், காத்திருத்தல், தோன்றல், மகிழ்தல் என்னும் நிலையான ஒழுங்கு உரையாடலின் முறைமாற்றத்தைக் குழந்தைக்குக் கற்பிக்கிறது என்பது அவர் முடிவு. தொடக்கத்தில் முகத்தை மறைப்பவர் தாய். பின்னர் குழந்தையே மறைக்கத் தொடங்குகிறது. பெரியாழ்வார் பாடிய அப்பூச்சி காட்டுதல் அச்சுறுத்தி மகிழும் விளையாட்டு. தமிழில் பூச்சாண்டியும் தெலுங்கில் பூச்சியும் குழந்தையை அச்சுறுத்தும் சொற்களாக வழங்குகின்றன. எதிர்பார்ப்பும் திடீர்த் தோற்றமும் சிரிப்பும் இவற்றின் பொதுக்கூறுகள்.

பொம்மை விளையாட்டும் இங்குக் கருதத்தக்கது. திருப்பதியில் செம்மரத்தில் செதுக்கி விற்கப்பெறும் மரப்பாச்சிப் பொம்மைகள் தென்னகத்து இல்லங்களில் கொலுவிலும் குழந்தைகளின் கையிலும் இடம்பெற்றவை. மரப்பாச்சிக்குச் சோறூட்டுதல், நீராட்டுதல், உறங்கவைத்தல் ஆகியன ஒன்றை மற்றொன்றாகப் பாவிக்கும் ஆற்றலைக் காட்டுகின்றன. ஒரு மரத்துண்டைக் குழந்தையாகப் பாவிப்பதும் ஓர் ஒலித்தொடரைப் பொருளாகக் கொள்வதும் ஒரே அறிவாற்றலின் இரு வெளிப்பாடுகள். சிற்றில் இழைத்தலும் சிறுசோறு அடுதலும் இலக்கியத்தில் பெற்ற இடத்தையே சொப்புச் சாமான் இன்று பெற்றுள்ளது.

எனினும் எல்லா விளையாட்டும் எல்லாக் குறைக்கும் மருந்தாகும் எனல் பொருந்தாது. ஊதல் ஊதுதல், நாவை நீட்டி மடக்குதல் போன்ற ஒலியற்ற வாய்ப்பயிற்சிகள் மட்டுமே பேச்சொலிகளைத் திருத்தும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. பேச்சொலியைத் திருத்த அவ்வொலியைச் சொல்லில் வைத்தே பயிற்றுதல் வேண்டும். நாப்பிறழ் தொடர்கள் ஒலிகளை ஓரளவு கைவரப்பெற்ற குழந்தைக்கு உரியவை. திக்குதல் உடைய குழந்தையை விரைந்து சொல்லுமாறு தூண்டுதல் தீங்காகவும் முடியும். செவிப்புலன் குறை இருப்பின் கருவி பொருத்துதல் முதற்கடன். விளையாட்டு அதன் பின்னரே பயன்தரும்.

பயிற்சித்துறையின் வளர்ச்சி

தமிழ்நாட்டில் செவித்திறன் குறையுடைய குழந்தைகளின் கல்வி 1890களில் பாளையங்கோட்டையில் புளாரன்சு சுவைன்சன் அம்மையார் தொடங்கிய பள்ளியால் வடிவம் பெற்றது. பேச்சு – மொழிக் குறைகளை ஆராய்வதற்கும் அவற்றுக்கான வல்லுநரை உருவாக்குவதற்கும் 1965-இல் மைசூரில் அனைத்திந்தியப் பேச்சு – செவிப்புல நிறுவனம் தோன்றியது. 1969-இல் சென்னையில் நிறுவப்பெற்ற பால வித்யாலயா, மிக இளவயதிலேயே குழந்தைகளைச் சேர்த்துத் தாயையும் உடனிருத்திப் பேச்சுமொழியைப் பயிற்றும் முறையை மேற்கொண்டது. திருப்பதியில் திருமலை திருப்பதி தேவத்தானம் செவித்திறன் குறையுடையோர்க்கான பள்ளியோடு ‘சிரவணம்’ என்னும் இளங்குழந்தைப் பயிற்சித் திட்டத்தையும் நடத்திவருகிறது. தாயும் குழந்தையும் இணைந்து பயில்வது இத்தகைய மையங்களின் அடிப்படை நெறி.

சட்டநிலையிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் பயிற்சியாளர்களின் தகுதியை முறைப்படுத்தியது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் செவிப்புலன் குறையை ஏற்றபோதும் பேச்சு – மொழிக் குறையைத் தனியே குறிக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் சட்டமே அதனை இருபத்தொரு வகைகளுள் ஒன்றாக ஏற்றது. 2013-இல் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் மொழிவளர்ச்சித் தாமதமும் கண்டறிய வேண்டியவற்றுள் ஒன்றாயிற்று. இதனால் மாவட்டத் தலைநகரங்களில் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் அமையும் வழி பிறந்தது.

விளையாட்டுவழிக் கற்பித்தலில் சித்தூர் நிலத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு. 2022 வரை சித்தூர் மாவட்டத்துள் இருந்த மதனப்பள்ளிப் பகுதியின் ரிசிவேலிப் பள்ளி, சுற்றுவட்டாரச் சிற்றூர்ப் பள்ளிகளுக்கெனப் படிநிலை ஏணியும் படக்குறி அட்டைகளும் கொண்ட கல்விமுறையை உருவாக்கியது. ஊர்க்கதைகளும் பாடல்களும் பொம்மலாட்டமும் அதனுள் இடம்பெற்றன. இம்முறையை முன்மாதிரியாகக் கொண்டே 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, 2007–08-இல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. சித்தூரின் தெலுங்குச் சிற்றூர்களில் தோன்றிய முறை, தமிழ் வடிவம் பெற்றுத் தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கு வந்தது. மொழிக்கேற்ப வடிவம் மாற்றப்பட்டதே அது பரவக் காரணம்.

எந்த மொழியில் பயிற்சி?

தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் மூன்று வயதுக் குழந்தை பேசவில்லை என்றால், இருமொழிச் சூழலில் பெற்றோர்க்குப் பலராலும் சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு. குழந்தைக்கு ஒரு மொழியே போதும், பள்ளி மொழியிலேயே வீட்டிலும் பேசுங்கள் என்பதே அது. நல்லெண்ணத்தால் கூறப்படினும் இவ்வறிவுரைக்கு ஆய்வுச் சான்று இல்லை. கனடாவில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் மொழிக்குறையுடைய குழந்தைகளைப் பற்றி 2003-இல் வெளிவந்த ஆய்வு, இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளினும் மிகுதியான இடர்ப்பாடு உடையவர் அல்லர் எனக் காட்டியது. டவுன் நோய்க்குறி உடைய இருமொழிக் குழந்தைகளைப் பற்றிய 2005-ஆம் ஆண்டு ஆய்வும் இருமொழிச் சூழலால் தீங்கு விளைந்தமைக்குச் சான்று காணவில்லை. இரு மொழிகளைக் கேட்டல் மொழிக்குறையை உண்டாக்குவதில்லை. குறை இருப்பின் அது இரு மொழிகளிலும் வெளிப்படும்.

அறிவுரையின் விளைவோ பெரிது. தாய்க்குத் தெலுங்கு சந்தைப்பேச்சு அளவில் மட்டுமே தெரியுமாயின், அவள் குழந்தையோடு பேசுவதே குறைந்துவிடும். தாலாட்டும் நிலா அழைப்பும் பருப்பு கடைதலும் அவளிடம் தமிழில்தான் உள்ளன. பயிற்சியறையில் வாரத்திற்கு ஓரிரு மணி நேரம் கழிகிறது. எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில் கழிகிறது. வீட்டு விளையாட்டை ஊமையாக்கும் பயிற்சி தன் பெரும்பகுதியைத் தானே இழக்கிறது. பாட்டி, தாத்தா ஆகியோரோடு குழந்தைக்குள்ள உறவும் அதனால் நலிகிறது.

மதிப்பீட்டிலும் மொழியறிவு இன்றியமையாதது. மூன்று எடுத்துக்காட்டுகள் இதனை விளக்கும்.

ஒன்று ழகரம். தெலுங்கில் இவ்வொலி வரலாற்றுப் போக்கில் மறைந்தது. கோழி அங்குக் கோடி எனவும், ஏழு ஏடு எனவும் வழங்கும். வட தமிழ்நாட்டுப் பேச்சுவழக்கில் ழகரம் யகரமாகவும் ளகரமாகவும் ஒலிப்பது உண்டு. எனவே இப்பகுதிக் குழந்தை பழத்தைப் ‘பயம்’ என்றோ ‘பளம்’ என்றோ சொன்னால், அதன் தாய் எவ்வாறு சொல்கிறாள் என்பதை அறிந்த பின்னரே அதனைப் பிழை எனலாம். எழுத்துமொழியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் வட்டார வழக்கு குறையாகிவிடும். தெலுங்கை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ழகரம் சோதிக்கப்படாமலே போகும்.

இரண்டு வினைமுற்று. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என மூன்று வடிவங்கள் உள. தெலுங்கின் ஒருமையில் பெண்பாலும் அஃறிணையும் ‘வச்சிந்தி’ என ஒரே வடிவம் பெறும். 1989-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு வயதளவிலேயே தமிழ்க் குழந்தைகள் வினை விகுதிகளைப் பெரும்பாலும் பிழையின்றிக் கையாள்வதைக் காட்டியது. ஆகவே தமிழ்க் குழந்தையின் மொழியாற்றலை அளக்க வினைவிகுதி சிறந்த கருவி. ஆனால் ‘அம்மா வந்துச்சு’ என்னும் தொடரைக் கேட்ட அளவில் குறையென முடிவுசெய்தல் கூடாது. அது பேச்சுவழக்காகவோ தெலுங்குச் சார்பாகவோ இருக்கலாம்.

மூன்று சொல்லின் ஈறு. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். தமிழிலோ மெய்யீறும் மிகுதி. பேச்சுத்தமிழில் மகர னகர ஈறுகள் மூக்குயிராக நலிந்து ஒலிப்பதால், ‘மரம்’ என்பதைக் குழந்தை ஈற்றுமெய் இன்றி ஒலித்தல் இயல்பே. பயிற்சியாளர் இதனை அறியாவிடின் தேவையற்ற பயிற்சியில் காலம் வீணாகும்.

மைசூர் நிறுவனத்தில் 1980களிலேயே தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனி ஒலிப்புத் தேர்வுகள் உருவாயின. எல்லை நிலத்துக் குழந்தைக்கு இவ்விரண்டையும் இணைத்து நோக்கும் முறை தேவைப்படுகிறது. பயிற்சியாளர்க்கு இரு மொழியும் தெரிந்திருத்தல் சிறப்பு. தெரியாதபோது தாயையே விளையாட்டின் தலைவியாக்கி, பயிற்சியாளர் உத்தியை மட்டும் கற்பிக்கலாம். எங்கு நிறுத்துவது, எவ்வளவு காத்திருப்பது, குழந்தையின் ஒலியை எவ்வாறு சொல்லாக விரித்துத் திருப்பிச் சொல்வது என்பன எம்மொழிக்கும் பொது. பாட்டும் சொல்லும் தாயினுடையவை.

தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கும் இந்நெறியே பொருந்தும். ஒரு மொழியின் உரிமைக்காக அன்றி, ஒவ்வொரு குழந்தையின் வீட்டுமொழிக்காகவும் இவ்வாதம் அமைகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. பேச்சொலிகளின் பிறப்பை இலக்கணமும், குழந்தைப் பருவங்களின் வளர்ச்சியைப் பிள்ளைத்தமிழும் நுணுகி நோக்கியுள்ளன. இவை மருத்துவ நூல்கள் அல்லவெனினும் பயிற்சிக்கு வேண்டிய நோக்கும் சொல்வளமும் இவற்றில் உள்ளன.

2. இல்லங்களில் வழங்கும் விளையாட்டுகள் கூட்டுக் கவனம், முறைமாற்றம், எதிர்பார்ப்பு, பாவனை ஆகிய மொழிவளர்ச்சிக் கூறுகளைத் தம்முள் கொண்டுள்ளன. அவற்றைத் தேர்ந்து, குழந்தையின் குறைக்கேற்பக் கையாளுதல் வேண்டும். செவிப்புலன் சோதனைக்கு அவை மாற்று ஆகா.

3. சித்தூர் – திருப்பதிப் பகுதியின் இருமொழி நிலை குறையன்று. வீட்டுமொழியைக் கைவிடுமாறு கூறும் அறிவுரைக்கு ஆய்வுச் சான்று இல்லை. வட்டார வழக்கையும் மொழிக்குறையையும் வேறுபடுத்தி அறிய மொழியியல் அறிவு தேவை.

4. நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுப்பது தமிழ்த்துறைகளின் நெடுநாள் பணி. அத்தொகுப்புகள், எல்லைப் பகுதித் தெலுங்கு விளையாட்டுகளோடு ஒப்பிட்டு, வயதுவாரியாகவும் ஒலிவாரியாகவும் வகைப்படுத்தப்பெற்றால் பயிற்சி மையங்களுக்கு உடனடியாகப் பயன்படும். திருப்பதி, குப்பம் ஆகிய இடங்களின் தமிழ்த்துறைகளும் தெலுங்குத்துறைகளும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது.

தெளியாத மழலையால் ஒரு குழந்தை அழைக்க, கேளாத நிலவின் செவியைப் பெரியாழ்வார் ஐயுற்றார். வேங்கடத்தின் அடிவாரத்தில் இன்று பயிற்சிக்கு வரும் குழந்தையின் சொல் எம்மொழியில் அரும்பினும், அதனைக் கேட்டுணரும் செவி அம்மையங்களில் அமைதல் வேண்டும்.